என் கையெழுத்தில் ஒரு வாக்குத்தத்தம்

எங்கள் சபையில் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் ஆண்டவர் கொடுத்த வாக்கு ஒன்றை வேதத்திலிருந்து எழுதிய வாக்குத்தத்த அட்டையை ஆளுக்கொன்று எடுப்போம். எடுத்த வசனம் அந்த வருஷம் முழுக்க அந்த வீட்டுக்கு என்று நம்பிக்கை. அச்சடித்த அட்டை வாங்க எங்கள் சபைக்கு வசதியில்லை. நான் மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை பார்த்தவன். ஆனாலும் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பாஸ்டர் என்னை எழுதச் சொல்லியிருந்தார்.

2004 புத்தாண்டில், என்னோடு உப்பு சுமக்கும் அக்கா ஒருத்தி தன் மகளை அட்டை எடுக்கச் சொன்னாள். ஒரே பிள்ளை, மூன்றாவது படித்தது. தண்ணீரைக் கடந்தாலும் ஆண்டவர் கூட இருப்பார், வெள்ளம் மேலே புரளாது என்று ஏசாயாவில் வருமே, அது வந்தது.

“மழைக்கு ஒழுவுற வீட்டுக்கு ஏத்ததுதான்” என்று அக்கா சிரித்தாள். வீட்டுச் சுவரில் சோற்றுப் பசை தடவி ஒட்டிவைத்தாள்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்குப் பிள்ளை கடலோரக் குப்பத்தில் இருந்த அத்தை வீட்டுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது. மறுநாள் ஞாயிறு. நாங்கள் காலை ஆராதனையில் இருந்தபோது ரோட்டில் ஆட்கள் ஓடினார்கள்.

“கடல் உள்ள வந்துட்ச்சு!”

அப்படியென்றால் என்ன என்றே எங்களுக்கு விளங்கவில்லை. அக்கா மட்டும் செருப்பில்லாமல் கிழக்கே ஓடினாள்.

அத்தை தென்னை மரத்தைப் பிடித்துத் தப்பியிருந்தாள். பிள்ளை அவள் கையை விட்டுப் போய்விட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் வரிசையாகக் கிடத்தியிருந்த பிள்ளைகளை, நானும் அக்கா வீட்டுக்காரரும் துணியை விலக்கி விலக்கிப் பார்த்தோம். எங்கள் பிள்ளை அதில் இல்லை.

நாலாம் நாள் அக்கா என் வாசலுக்கு வந்தாள். கையில் அந்த அட்டை. பிய்த்ததில் பின்னால் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

“தம்பி, இது உன் எழுத்துதான?”

“ஆமாக்கா.”

“படி.”

பாதியில் நிறுத்தினேன்.

“முழுசா படி.”

படித்தேன். அட்டையை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள்.

அந்தப் புத்தாண்டுக்கு என்னால் அட்டை எழுத முடியவில்லை. பாஸ்டரும் வற்புறுத்தவில்லை. அதற்குப் பதிலாக வேதத்தை ஆதியாகமத்திலிருந்து வாசித்தேன். வாக்கு யாருக்குக் கிடைத்தது, அவர்கள் கண்ணால் பார்த்தார்களா, அது மட்டும்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. தேசத்தையே தருவதாகச் சொல்லப்பட்ட ஆபிரகாமுக்கு, சாகும்போது சொந்தமென்று இருந்தது மனைவியைப் புதைத்த இடம்தான். அவன் கொள்ளுப்பேரன் யோசேப்பு, தன் எலும்பையாவது அந்தத் தேசத்துக்குக் கொண்டுபோகச் சொல்லிச் சத்தியம் வாங்கிக்கொண்டு செத்தான். அது போய்ச் சேரப் பல தலைமுறை ஆனது. ஆண்டவர் சொன்னதைச் செய்தார், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் இதைக் கொண்டுபோய் ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது? நான் சொல்லவில்லை.

மாசி மாதம், கடல் கொண்டுவந்து கொட்டிய சேற்றை உப்புப் பாத்திகளிலிருந்து அள்ளினோம். எனக்கு முன்னால் மண்வெட்டி போட்ட அக்கா வீட்டுக்காரர் சட்டென்று நின்றார். கிறிஸ்துமஸுக்கு எடுத்த மஞ்சள் கவுன். அதற்குள் இருந்ததை நான் எழுதப்போவதில்லை. அவர் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் தோண்டினார். லுங்கியை அவிழ்த்து, அரை டவுசரோடு நின்று, அதில் எடுத்துவைத்தார்.

கல்லறைத் தோட்டத்தில் யாரோ, “உடம்பாவது கெடச்சுதே, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்” என்றார்கள்.

“இதுக்கு நான் நன்றி சொல்லணுமா?” என்றாள் அக்கா.

அதன்பிறகு அவள் கோயிலுக்கு வரவில்லை. 2006 புத்தாண்டு ஆராதனைக்குத்தான் வந்து, கதவோரம் உட்கார்ந்தாள். வேறொருவர் எழுதிய அட்டைகள் தட்டில் வந்தன. அவள் எடுக்கவில்லை. முடிந்ததும் கிட்டே போனேன்.

“வந்துட்டியாக்கா.”

“சமாதானம் ஆயிட்டேன்னு நெனச்சிக்காத தம்பி. ஆண்டவர் சொன்னாரு, காப்பாத்தல. அத அவர் முன்னாடிதான சொல்லணும்? வேற யாராண்ட போய்ச் சொல்லுவேன்?”

நான் படித்ததெல்லாம் அவளுடைய அந்தக் கேள்விக்கு முன்னால் சின்னதாகப் போய்விட்டது.

அன்றிலிருந்து அவள் ஒரு ஞாயிறும் தவறவில்லை. பாட்டுக்கு வாய் திறக்க மாட்டாள். ஜெப நேரத்தில் மட்டும், தலை குனியாமல் நேரே பார்த்தபடி உதடு அசைப்பாள். அவள் முடிக்கும்வரை பாஸ்டர் ஆமென் சொல்லாமல் காத்திருப்பார்.