மாமன் போட்ட படம்

வினோலியா எங்கள் பள்ளிக்கு வந்த முதல் வாரத்திலேயே எனக்கு அவரைப் பிடிக்காமல் போயிற்று. காரணம் ரொம்பச் சின்னது. ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் ரோஜாப்பூ போட்ட வணக்கம் அனுப்புகிறவள் நான். ஒருநாள் அதோடு சேர்த்து, பத்துப் பேருக்கு அனுப்பினால் இலவச ரீசார்ஜ் கிடைக்கும் என்று வந்ததையும் தள்ளிவிட்டேன். 'அக்கா, இது ஏமாத்து வேலை, அழிச்சிடுங்க' என்று தலைமையாசிரியர் உட்பட எல்லோரும் பார்க்கிற இடத்தில் வினோலியா எழுதிவிட்டார். சமூக அறிவியல் நடத்தியே தலை நரைத்த எனக்கு, நேற்று வந்த கம்ப்யூட்டர் டீச்சர் பாடம் எடுப்பதா என்று கொதித்துப் போனேன். சாயங்காலம் அவரே தேடி வந்து, "உங்ககிட்ட தனியாத்தான் சொல்லியிருக்கணும்க்கா, தப்பு என்னுதுதான்" என்றார். அப்படிச் சொல்லிவிட்டால் அப்புறம் கோபத்தை எங்கே வைத்துக்கொள்வது?

வினோலியா சேலத்துக்காரர். அப்பா சின்னப்பராஜ் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தவர். கணவர் ஜெர்ரிக்கு நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை என்பதால் குடித்தனம் அங்கே. தினமும் பஸ்ஸில் பரமத்தி வேலூர் வந்து போவார். அவருடையது பெற்றோர் ஆசிரியர் கழகம் பார்த்துப் போட்ட தற்காலிக வேலை. நாளைக்கே வேண்டாம் என்றால் போக வேண்டியதுதான்.

அந்தத் தற்காலிக டீச்சர், வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடை விளையாட்டு ஆசிரியரிடம் கெஞ்சி வாங்கி, இணையத்தில் எப்படிப் பத்திரமாகவும் மரியாதையாகவும் நடந்துகொள்வது என்று வகுப்பு எடுத்தார். விளையாட்டுப் பீரியடு போன வருத்தத்தில் பிள்ளைகள் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அவர் திரையில் தன்னுடைய படத்தையே போட்டார். பஸ் நிறுத்தத்தில் நிற்கிற படம். "என்னைத் தெரியாத ஒருத்தன் இதைப் பார்த்தா என்னென்ன கண்டுபிடிப்பான், சொல்லுங்க."

பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். எந்த ஊர் பஸ், கழுத்தில் சிலுவை இருப்பதால் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவார், சாப்பாட்டுப் பை இருப்பதால் வேலைக்குப் போகிறவர் என்று அடுக்கினார்கள். ஒன்பதாம் வகுப்பு தனப்பிரியா மெதுவாக எழுந்து, "தனியா வாரீங்கன்னு தெரியுதுங்க டீச்சர்" என்றாள். வேடிக்கை பார்க்க வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்குச் சுருக்கென்றது.

வினோலியா இரண்டே விஷயங்களைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். அடுத்தவர் படத்தைப் போடுமுன் அவரைக் கேட்க வேண்டும். ஏதாவது தப்பாகிப் போனால் வந்து சொல்ல வேண்டும். "ஏன் இப்படிச் செஞ்சேன்னு நான் கேக்கவே மாட்டேன். முதல்ல என்ன செய்யலாம்னுதான் பார்ப்பேன்" என்பார். இதெல்லாம் நடக்கிற காரியமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

இந்தத் தனப்பிரியா ஒரு வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை. பிறகு அவள் அப்பா மணிமாறன் மட்டும் வந்தார். ஆற்றோரம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர்.

"டி.சி. குடுத்துருங்க சார். புள்ள ஊட்டோட இருக்கட்டும்."

தலைமையாசிரியர் காரணம் கேட்டார். மனிதர் டி.சி.யையே திரும்பத் திரும்பக் கேட்டார். தலைமையாசிரியர் என்னையும் வினோலியாவையும் கூப்பிட்டனுப்பினார். வெகுநேரம் கெஞ்சிய பிறகு மணிமாறன் போனை எடுத்து நீட்டினார். தனப்பிரியாவின் படத்தோடும் பெயரோடும் ஒரு இன்ஸ்டாகிராம் கணக்கு. அதிலிருந்து அக்கம்பக்கத்துப் பையன்களுக்கெல்லாம் 'பேசலாமா' என்று செய்தி போயிருக்கிறது. சொந்தக்காரப் பையன் ஒருவன் கொண்டு வந்து காட்டியிருக்கிறான்.

"ரெண்டு அடி வெச்சுங்கூட நான் பண்ணலைங்கறாளுங்க" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

"அவகிட்ட போன் இருக்குங்களா?" என்று கேட்டார் வினோலியா.

"இல்லீங்க. ஊட்ல எம்பட போன் ஒண்ணுதான்."

வினோலியா படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். பட்டுப் புடவை, கழுத்தில் கனமான மாலை, பின்னால் வரிசையாகச் சீர்த் தட்டுகள். பெண்ணின் தலைமேல் ஆசீர்வாதமாக ஒரு ஆணின் கை, அதில் தடித்த தங்கக் காப்பு.

"இது யார் கைங்க?"

மணிமாறன் உற்றுப் பார்த்தார். "மச்சானுதுங்க" என்றார். குரல் இறங்கிவிட்டது.

எங்கள் பக்கத்தில் வயசுக்கு வந்த பெண் பிள்ளைக்குச் சீர் என்றால் தாய்மாமன்தான் எல்லாம். தனப்பிரியாவின் மாமன் அன்பழகன் திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி வைத்திருப்பவர். போன தை மாதம் மண்டபம் பிடித்து, வாசலில் மருமகள் படம் ஒருபக்கம், தன் படம் ஒருபக்கமாக ஃபிளெக்ஸ் வைத்து, ஊர் மெச்சச் சீர் செய்திருக்கிறார். படங்களையெல்லாம் தன் ஃபேஸ்புக் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி போட்டிருக்கிறார். பெண்ணின் பெயர், வகுப்பு, பள்ளி, ஊர் எதையும் விடவில்லை. எவனோ அதிலிருந்துதான் எடுத்திருக்கிறான்.

மணிமாறன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சரி, இனிமேல் மகளைப் பள்ளிக்கு அனுப்புவார் என்று நினைத்தேன். அவரோ, "மச்சான்கிட்டப் போயி படத்த எடுங்கன்னு எப்படிங்க சொல்றது? சீர் செஞ்ச கையி. கோச்சுக்கிட்டாருன்னா எங்கூட்டுக்காரிக்குப் பொறந்த ஊடே இல்லீன்னு ஆயிருமுங்க. அதுக்குப் புள்ளையே நின்னுக்கட்டும்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "உங்க மச்சானுக்கு முகம் சுண்டக் கூடாதுன்னு புள்ள படிப்ப நிறுத்துவீங்களா? நல்லா இருக்குங்க உங்க நியாயம்" என்று கத்தியே விட்டேன். வினோலியா என் கையைப் பிடித்து அமர்த்தினார்.

"நீங்க கேக்க வேண்டாங்க, நான் கேக்கறேன்" என்றார் அவரிடம். "நான் வெளியூர்க்காரி, முறை தெரியாதவ. கோபம் வந்தா என்மேலயே வரட்டும். டி.சி.யை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடுங்க."

அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்து புகார் கொடுக்க வைத்தார். அந்தக் கணக்கைப் பற்றி இன்ஸ்டாகிராமிலும் தெரிவித்தார். கணக்கு போய்விட்டது. ஆனால் மறுநாளே அதே சீரில் எடுத்த வேறொரு படத்தோடு புதுக் கணக்கு முளைத்தது. மாமன் பக்கத்தில் படங்கள் கிடக்கிறவரை இது ஓயாது என்று புரிந்தது.

வினோலியா அன்பழகனுக்குப் போன் செய்தார். "எம் மருமவ படத்தப் போட எனக்கு உரிமை இல்லீங்களா? நேர்லயே வாரேன்" என்று அவர் போனை வைத்துவிட்டார். தலைமையாசிரியர் பயந்துவிட்டார். "குடும்ப விவகாரம்மா இது. பெற்றோர் ஆசிரியர் கழகத்துல யாராவது பேசினா உங்க வேலைக்கு நான் பொறுப்பில்லை" என்றார். "பரவாயில்லைங்க சார்" என்றார் வினோலியா. ஆனால் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்க முடியாமல் திருகிக்கொண்டே இருந்தார். பாட்டிலை வாங்கித் திறந்து கொடுத்தேன்.

அன்பழகன் தன் தங்கையும் தனப்பிரியாவின் அம்மாவுமான அன்புச்செல்வியையும் மணிமாறனையும் மருமகளையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். படிப்பை நிறுத்தியாயிற்று என்று வீட்டில் சொன்ன பிறகும் தனப்பிரியா சீருடை போட்டு, பையை மாட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்தோம். வினோலியா அந்தப் பொய்க் கணக்குகளைப் பற்றிச் சொன்னார். "எவனோ திருடறதுக்கு நான் எதுக்குங்க படத்த எடுக்கோணும்? அவனப் புடிங்க" என்றார் அன்பழகன்.

"போலீஸ் புடிக்கட்டுங்க. அதுவரைக்கும் அடி வாங்கறதும் படிப்ப விடறதும் இவதானே?"

"அடியா?" அன்பழகன் மணிமாறன் பக்கம் திரும்பினார். "புள்ளைய அடிச்சீங்களா மாப்ள? படிப்ப நிறுத்தறீங்களா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா?"

"சொன்னா நீங்க ஊட்டுப் பக்கமே வரமாட்டீங்கன்னு..." மணிமாறன் முடிக்கவில்லை. அன்புச்செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அன்பழகனுக்கு முகம் வாடிவிட்டது. இருந்தாலும், "எத்தன பேரு பாத்துட்டுப் பெருமையா எழுதியிருக்காங்க தெரியுங்களா" என்று முனகினார். ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் புழுதி தின்று சம்பாதித்துச் செய்த சீர். அவர் பெருமைப்பட்டதில் தப்பும் இல்லை.

"படத்துல இருக்கறது அவதாங்க. அவளையும் ஒரு வார்த்தை கேளுங்க" என்றார் வினோலியா.

தனப்பிரியா எழுந்து நின்றாள். "மாலை கழுத்தெல்லாம் குத்திக்கிட்டே இருந்துச்சுங்க மாமா. போட்டோக்காரரு சிரி சிரின்னாரு. எனக்கு அந்தப் படமே புடிக்கலீங்க. போடட்டுமான்னு எங்கிட்ட யாருமே கேக்கலீங்க" என்றாள். அழவில்லை. சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அன்பழகன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்து, "எங்கீங்க டீச்சர் அமுக்கோணும்?" என்றார். வினோலியா போனைத் தொடவில்லை, இடத்தை மட்டும் காட்டினார். அவரே ஒவ்வொன்றாக அழித்தார். சீர்த் தட்டுகளுக்கு நடுவே மருமகளோடு அவர் நிமிர்ந்து நிற்கிற படம் வந்தபோது விரல் நின்றது. பெருமூச்சு விட்டு அதையும் அழித்தார். எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது.

"நாளையிலிருந்து அனுப்பறேனுங்க" என்றார் மணிமாறன்.

"பையோடதானே வந்திருக்கா, இப்பவே போகட்டும்" என்றார் வினோலியா.

எல்லோரும் வராந்தாவுக்கு வந்தோம். மருமகள் பையை மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் புறப்படுவதைப் பார்த்ததும், பழக்க தோஷத்தில் அன்பழகன் போனைத் தூக்கினார். தூக்கிய கை பாதியில் நின்றது.

"சாமி, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?"

தனப்பிரியா திரும்பிப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

"வேண்டாங்க மாமா."

"செரி சாமி" என்று அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவள் சிரித்துக்கொண்டே வகுப்புக்கு ஓடினாள்.