என் வலைப்பூவும் ஓரகத்தியின் பின்னூட்டமும்

என் கொழுந்தனார் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் நியூஜெர்சியிலிருந்து போன் செய்வார். தன் அண்ணனிடம், அதாவது என் வீட்டுக்காரரிடம், ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்துவிட்டு, மரியாதைக்காக என்னிடமும் நாலு வார்த்தை பேசுவார். அன்றைக்கு அந்த நாலு வார்த்தை இப்படி இருந்தது.

"அண்ணி, உங்க தங்கச்சி ஒரு ப்ளாக் ஆரமிச்சிக்கிறா. தமிழ்லதான். நம்ம நகரி வூட்டப் பத்தி எழுதிக்கினு கீறா. டைம் இருந்தா பாருங்க."

தங்கச்சி என்று அவர் சொன்னது அவருடைய மனைவியை, அதாவது என் ஓரகத்தியை. சென்னையில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணம் ஆன கையோடு விசா வந்துவிட்டதால் ஆந்திர எல்லையில் இருக்கிற நகரியில் மாமியார் வீட்டில் அவள் முழுசாக ஒரு மாதம்கூட இருந்ததில்லை. அந்தக் கொஞ்ச நாளும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் இருந்தாள். வீட்டின் பின்கட்டில் பவர்லூம் தறி ஓடும். இடப்பக்கத்து வீட்டிலும் ஓடும், வலப்பக்கத்து வீட்டிலும் ஓடும். பஞ்சை எடுத்துக் கொடுத்ததே நான்தான். "தலை வலிக்குது அக்கா, இந்தச் சத்தத்துல எப்படித்தான் இருக்கீங்க" என்று அவள் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இந்தப் போன் வந்த சமயம் நான் திருப்பதியில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் வேலை பார்த்தேன். நகரியில் தறி ஒவ்வொன்றாக நின்று, என் வீட்டுக்காரர் டிராவல்ஸில் வண்டி ஓட்ட வந்தபோது நானும் கூட வந்தேன். பக்கத்து ஊர்ப் பிள்ளைகளெல்லாம் அமெரிக்கா போன பிறகு அங்கிருந்து மெயிலில் ரூம் கேட்க ஆரம்பித்தார்கள். அதனால் முதலாளி ரிசப்ஷனில் ஒரு கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் வைத்திருந்தார். திங்கட்கிழமை கூட்டம் குறைந்ததும் அவள் வலைப்பூவைத் திறந்தேன்.

முதல் பதிவின் தலைப்பே 'எங்கள் நகரி வீடு.' எங்கள் என்ற சொல்லிலேயே எனக்கு எரிய ஆரம்பித்துவிட்டது. கீழே படித்தேன். தறிச் சத்தம் அவளுக்குத் தாலாட்டாக இருந்ததாம். தறியில் ஏற்றுகிற பாவு நூலில் மாவுக்கஞ்சி மணக்குமாம். அந்த மணத்தை நினைத்தால் இப்போதும் கண் கலங்குமாம். அந்த மணத்துக்கு அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடியதை நான் பார்த்திருக்கிறேன்.

பதிவு என்னை அவ்வளவு படுத்தவில்லை. கீழே வாசகர்கள் போட்டிருந்த பின்னூட்டங்கள்தான் படுத்தின. ஒருவர் மண்வாசனை என்கிறார். இன்னொருவர் நெசவாளர் வாழ்வை உள்ளிருந்து எழுதும் குரல் என்கிறார். உள்ளிருந்தாம். ஒருத்தர் "மீ த ஃபர்ஸ்ட்டு" என்று மட்டும் போட்டிருந்தார். முதல் ஆளாக வந்து பின்னூட்டம் போட்டுவிட்டேன் என்று பெருமை பேசுவது அப்போது பதிவர்கள் வழக்கம். என் எழுத்துக்கு முன்னால் வரிசையில் நிற்க இந்த உலகத்தில் ஒரு ஆள்கூட இல்லையே என்று நினைத்தேன். எழுத்து என்று ஒன்று என்னிடம் இருந்ததா என்றால், இருந்தது. பள்ளிக்கூடத்தில் கட்டுரை என்றால் என்னுடையதைத்தான் வகுப்பில் படிக்கச் சொல்வார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். நானும் ஆரம்பிப்பேன். அவள் வலைப்பூவுக்கு வருகிற ஆட்களை எல்லாம் என் பக்கம் இழுப்பேன்.

எதில் ஆரம்பிப்பது என்பதில்தான் என் புத்தி வேலை செய்தது. இலவசமாக வலைப்பூ தருகிற இடங்கள் அப்போதே பல இருந்தன. தமிழில் எழுதுகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் ஒரே இடத்தில்தான் இருந்தார்கள். அதில் தமிழ் ஒழுங்காகத் தெரியும், திரட்டிகள் என்கிற தொகுப்புத் தளங்களும் புதுப் பதிவை உடனே இழுத்துக்கொள்ளும். என் ஓரகத்தியும் அங்கேதான் இருந்தாள். அந்த ஒரே காரணத்துக்காக நான் அங்கே போகவில்லை. யாருமே கேள்விப்படாத வேறொன்றைப் பிடித்தேன். அவளுடைய வார்ப்புரு, அதாவது பக்கத்தின் அமைப்பு, வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து. நான் கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து வைத்தேன். அவள் வலப்பக்கத்தில் சுயவிவரம் வைத்திருந்தாள், நான் இடப்பக்கத்தில் வைத்தேன். வந்து போகிறவர்களை எண்ணுகிற கவுன்ட்டர் அவளிடம் சின்னதாக அடியில் இருந்தது. நான் பெரிதாகத் தலையிலேயே வைத்தேன்.

எழுத்துருவிலும் அப்படித்தான். அவள் 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்குகிற முறையில் எழுதுகிறாள் என்று கொழுந்தனார் சொல்லியிருந்தார். எனக்கு அது தேவையில்லை. யாத்ரீகர்களுக்காக 'செருப்பை வெளியே விடவும்', 'அறையில் சமைக்கக் கூடாது' என்று நாலு மொழியில் அறிவிப்பு அடிப்பது லாட்ஜில் என் வேலை. அதற்காக கம்ப்யூட்டரில் ஒரு பழைய தமிழ் எழுத்துரு போட்டிருந்தார்கள். பார்க்காமலே அதில் தடதடவென்று அடிப்பேன். அதிலேயே பதிவு எழுதினேன். வார்ப்புருவுக்குள் நுழைந்து அந்த எழுத்துருவின் பெயரை நானே சேர்த்தேன். மஞ்சள் எழுத்து கறுப்பில் தகதகவென்று தெரிந்தது.

மேனேஜர் தலையை நீட்டி, "மேடம், ஆ தமிழ் பனி தர்வாத்த சேசுகோண்டி. பார்ட்டி வச்சாரு" என்பார், அந்தத் தமிழ் வேலையை அப்புறம் பாருங்கள், ரூமுக்கு ஆள் வந்திருக்கிறார் என்று. ரூமுக்கு ஆள் வந்தால் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி எழுதுவேன். எழுதி எழுதிப் போட்டேன். ஒரு பின்னூட்டமும் இல்லை. ஆனால் கவுன்ட்டர் ஏறிக்கொண்டே இருந்தது. படிக்கிறார்கள், வாயடைத்துப் போயிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயம் ஒரு கல்யாணத்துக்காகக் கங்காதர நெல்லூருக்கு என் அம்மா வீட்டுக்குப் போனேன். மறுநாள் என் அண்ணனைச் சித்தூருக்கு இழுத்துக்கொண்டு போய் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்காரவைத்தேன். அண்ணன் தெலுங்கு மீடியத்தில் படித்தவன். வீட்டில் பேசுவது தமிழ், படிக்கத் தெரிந்தது தெலுங்கு மட்டும். எழுத்தையாவது பார்க்கட்டும், நான் வாசித்துக் காட்டுகிறேன் என்று என் வலைப்பூவைத் திறந்தேன். திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் அவற்றின் தலையில் கொம்பும் புள்ளியும் கோடுமாக மஞ்சள் மஞ்சளாக நின்றன. ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் என் பதிவுகள் அப்படித்தான் தெரியும் என்று அப்போதுதான் புரிந்தது. அது லாட்ஜ் கம்ப்யூட்டரைத் தவிர எங்கேயும் இல்லை. கவுன்ட்டரில் ஏறியதெல்லாம் நானே நாளெல்லாம் திறந்து திறந்து பார்த்த கணக்கு.

அண்ணன் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான்.

"எனுக்குத்தான் தமிழ் படிக்க வராது. உனுக்கு எழுதவும் வராதா?"

வழி முழுக்க அவன் சிரித்துக்கொண்டு வந்தான்.

இதைச் சரிசெய்யத் தெரிந்தவள் எங்கள் குடும்பத்தில் ஒருத்திதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனை அவளிடம் கொடுக்கச் சொல்லிக் கேட்டேன். விஷயத்தை ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவளோ, "ஐயோ அக்கா, நீங்க எழுதறீங்களா? என்கிட்ட சொல்லவே இல்லையே" என்று உண்மையிலேயே சந்தோஷப்பட்டாள். அன்றைக்கே நீளமாக மெயில் போட்டாள். பழைய எழுத்துருவை யூனிகோடுக்கு மாற்றித் தருகிற பக்கம் எது, திரட்டியில் எப்படிச் சேர்ப்பது, கறுப்பில் மஞ்சள் ஏன் கண்ணை உறுத்தும் என்று ஒவ்வொன்றாக விளக்கியிருந்தாள். என் பதிவுகளை அவளே மாற்றி, தன்னுடைய வலைப்பூ இருக்கிற இடத்திலேயே எனக்கும் ஒரு வீடு கட்டிக் கொடுத்தாள். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. அவளைத் திட்டுவதற்கு அவள் எனக்கு ஒரு வழியும் வைக்காததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதோடு விடவில்லை. தன் வலைப்பூவில் ஒரு அறிமுகமும் எழுதினாள். 'திருப்பதியில் வசிக்கும் என் அக்கா எழுத வந்திருக்கிறார். எல்லோரும் போய்ப் படியுங்கள்.'

எல்லோரும் வந்தார்கள். திருப்பதியில் வீடு இருக்கிறவர்களுக்குத் தெரியும், ஊரில் உள்ளவர்களெல்லாம் ஏதோ ஒரு வழியில் சொந்தமாகிவிடுவார்கள். நான் அதை மறந்துபோயிருந்தேன்.

'அருமையான நடை அக்கா. அடுத்த வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு வருகிறோம். ரூம் கிடைக்குமா?'

'மீ த ஃபர்ஸ்ட்டு. சீக்கிர தரிசனத்துக்கு யாரைப் பார்க்கணும்?'

'பதிவை இன்னும் படிக்கவில்லை, பிறகு படிக்கிறேன். முடி காணிக்கை செலுத்தும் இடத்தில் இப்போது கூட்டம் எப்படி?'

பாவு ஓட்டுகிற பெண்களைப் பற்றி நான் உயிரைக் கொடுத்து எழுதிய பதிவுக்குக் கீழே லட்டு எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று இரண்டு பேர் விவாதம் செய்துகொண்டிருந்தார்கள். அதே வாரம் என் ஓரகத்தி நியூஜெர்சியில் ஒரு முருங்கைக்காய்க்காகக் கடை கடையாக அலைந்ததை எழுதியிருந்தாள். அதற்குப் பின்னூட்டத்தில் அழுகையான அழுகை.

என் வீட்டுக்காரரும் சும்மா விடவில்லை. "ப்ளாக்க உங்க ஓனர்கிட்ட காட்டு. பார்ட்டி புடிச்சிக் குடுக்கறன்னு சம்பளம் ஏத்துவாரு."

கோபத்தில் மறுமொழி மட்டுறுத்தல் என்று அமைப்பில் இருந்ததைத் தட்டிவிட்டேன். அதைப் போட்டால் எந்தப் பின்னூட்டமும் நேராக வெளியே வராது. முதலில் எனக்கு வரும். நான் படித்து, வெளியிடு என்று அழுத்தினால்தான் மற்றவர்கள் பார்க்க முடியும். வேண்டாம் என்றால் அழித்துவிடலாம். ரூம் கேட்டவர்களை எல்லாம் சாவகாசமாக அழித்தேன். அழித்தபின் என் பதிவுகளுக்குக் கீழே ஒன்றுமே மிஞ்சவில்லை. எனக்கு வேண்டியது ஒரே ஒரு ஆள்தான். என் ஊர் என்ன, வேலை என்ன என்று கேட்காமல், நான் எழுதியதைப் படித்துவிட்டு எழுதியதைப் பற்றி மட்டும் பேசுகிற ஒரு ஆள்.

அப்போதுதான் பஞ்சைப் பற்றி எழுத முடிவு செய்தேன். அவளுடைய தாலாட்டு எப்படிப்பட்டது என்று ஊருக்குத் தெரியட்டும். எங்கள் வீட்டுக்கு வந்த மருமகள் ஒருத்தி என்று ஆரம்பித்தேன். காதுப் பஞ்சையும் மூக்கைப் பொத்தியதையும் எழுதினேன். பேர் சொல்லவில்லை, ஆனால் அவள் வாசகர்களுக்குப் புரியும்படி வைத்தேன். தறிச் சத்தம் தாலாட்டும் இல்லை, பாட்டும் இல்லை, அது ஓடும்வரை எங்களுக்குக் காதிலேயே விழாது என்று எழுதினேன். கரண்ட் போய்த் தறி நின்றால்தான் தெரு முழுக்கத் தூக்கம் கலைந்து எழுந்து உட்காரும், குழந்தைகள்கூட அழும் என்று எழுதினேன். அதுவரை நான் எழுதியதில் அதுதான் சிறந்தது என்று எனக்கே தெரிந்தது. வெளியிட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

முதலில் வந்தது அவளுடைய பின்னூட்டம்தான்.

'மீ த ஃபர்ஸ்ட்டு அக்கா. அந்த மருமகள் நான்தான். பஞ்சு உண்மை, மூக்கைப் பொத்தியதும் உண்மை. தாலாட்டு என்று நான் எழுதியது இங்கே வந்த பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டது. எனக்கு இங்கே வேலைக்குப் போகிற விசா இல்லை. அவர் ஆபீஸ் போனால் வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது. பகலில் பாத்திரம் கழுவும் மெஷினைக் காலியாகவே ஓடவிட்டு, சமையலறைத் தரையில் அதன் பக்கத்தில் படுத்துக்கொள்கிறேன். அது தறி மாதிரி இல்லை. ஆனால் வீட்டில் யாரோ வேலை செய்கிற மாதிரி இருக்கிறது. அப்போதுதான் தூக்கம் வருகிறது.'

படித்து முடித்ததும் எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. காலி மெஷின் எனக்குத் தோன்றவில்லையே என்கிற ஆத்திரம்தான் வந்தது. நான் பக்கம் பக்கமாக எழுதியதை அவள் ஒரு பின்னூட்டத்தில் தாண்டிவிட்டுப் போய்விட்டாள். அதுவும் என் வீட்டு வாசலிலேயே வந்து நின்றுகொண்டு.

வெளியிடு, அழி என்று இரண்டு பொத்தான்களும் என் முன்னால் இருந்தன. இரண்டையும் தொடவில்லை. சாவி கொடுத்தேன், சாவி வாங்கினேன், 'வெந்நீர் காலை மட்டும்' என்று நாலு மொழியில் அடித்தேன். அந்த வாரம் முழுக்க அது அங்கேயே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனாருக்கு முன்னால் அவளே போனை எடுத்துக்கொண்டாள்.

"அக்கா, உங்க பதிவுக்கு ஒரு கமெண்ட் போட்டேன். வந்துச்சா?"

"நெட்டு சரியில்லமா. பாக்கல."

"பரவாயில்லக்கா. ஒருவேளை போகலியோன்னு நினைச்சேன். பக்கத்த திறந்து திறந்து பாத்துட்டே இருந்தேன்."

கோபமாகக் கேட்டிருந்தால் அழித்திருப்பேன். அவள் அப்படிக் கேட்கவில்லை. கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்தை நாளெல்லாம் திறந்து திறந்து பார்த்த எனக்கு அது எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தவிர, நல்ல எழுத்து எது என்று எனக்குத் தெரியும் என்றுதான் இத்தனை நாளும் குதித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பின்னூட்டத்தை அழித்தால் எனக்கு அதுவும் தெரியாது என்றாகிவிடும். திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனதும் முதல் வேலையாக வெளியிடு என்பதை அழுத்தினேன்.

மத்தியானத்துக்குள் என் வலைப்பூ அதுவரை பார்க்காத கூட்டம் வந்துவிட்டது. ஒருவரும் தரிசனம் கேட்கவில்லை, லட்டு கேட்கவில்லை. எல்லோரும் எழுத்தைப் பற்றித்தான் பேசினார்கள். காலி மெஷினைப் பற்றி, சமையலறைத் தரையைப் பற்றி, யாரோ வேலை செய்கிற மாதிரி என்கிற அந்த ஒரு வரியைப் பற்றி. கரண்ட் போனால் விழித்துக்கொள்கிற எங்கள் தெருவைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

கடைசியாக ஒருவர் கேட்டிருந்தார். 'அக்கா, மேலே முதல் பின்னூட்டம் எழுதியவர் தனியாக வலைப்பூ வைத்திருக்கிறாரா? சுட்டி கொடுக்க முடியுமா?'

கொடுத்தேன், என் கையாலேயே. அந்த மனிதர் ரூம் கேட்டிருந்தால் சந்தோஷமாகப் போட்டுக் கொடுத்திருப்பேன்.