வாசலில் நின்று போட்ட கையெழுத்து

நோர்வேயில் கட்டடக்கலைஞர் என்று யாரும் பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ளலாம். "இந்த வேலைக்கு நான் பொறுப்பு" என்று நகராட்சிக்கு எழுதிக் கையெழுத்திடும் உரிமைதான் வேறு விஷயம். தகுதி பார்த்துத்தான் அதை ஒப்புக்கொள்வார்கள், தவறினால் பறித்துவிடுவார்கள். எனக்கு அது இருந்தது. கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் வைத்திருந்தேன். சமையலறை அலுமாரிக்கு நிறம் சொல்கிறவள் என்று என்னை நினைத்த சொந்தக்காரரிடம் இதை வேண்டுமென்றே நீட்டி விளக்குவேன்.

ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவாப் பகுதியில், ஒரு அடுக்குமாடியில் இருந்த சொந்தக்கார மாமி ஒருவரின் வீட்டில் சாமியறை வாசலை அகலமாக்க வேண்டியிருந்தது. அது பாரம் தாங்கும் சுவர். வெட்டும் இடத்துக்கு மேலே இரும்பு பீம் ஒன்று வர வேண்டும், அதன் இரண்டு முனைகளும் கொங்கிறீற்றில் அமர வேண்டும் என்று வரைபடம் போட்டேன். வேலை முடிந்ததும் முனைகளை நானே கண்ணால் பார்த்துச் சரியென்று கையெழுத்திட வேண்டும். அதுதான் விதி.

நான் போனபோது வரவேற்பறைப் பக்கம் பலகை அடித்து மூடியிருந்தார்கள். முனைகள் தெரிய வேண்டுமென்றால் சாமியறைக்குள் போக வேண்டும். மாமி நல்ல நாள் பார்த்து அன்று காலையே படங்களை வைத்து விளக்கேற்றிவிட்டார். எனக்கோ மாதவிலக்கின் இரண்டாம் நாள். இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது என்று போகிற இடமெல்லாம் வாய் கிழியச் சொல்கிறவள் நான். ஆனால் கால் வாசலிலேயே நின்றுவிட்டது. யாரும் என்னைத் தடுக்கவில்லை.

"மாமி, நான் உள்ளை வரேல்லை," என்றேன்.

மாமிக்கு விளங்கிவிட்டது. "ஓம் பிள்ளை, அதிலை நிண்டே பார். மகன் எல்லாத்தையும் போனிலை படம் எடுத்து வைச்சிருக்கிறான்."

படத்தில் பீம் நேராகத்தான் இருந்தது. தேநீர் குடித்தேன், வடை சாப்பிட்டேன், கையெழுத்திட்டேன்.

மூன்று மாதம் கழித்து நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. மேல்வீட்டுத் தரையில் வெடிப்பு விழுந்திருந்தது. பீமின் ஒரு முனைக்குக் கீழே கொங்கிறீற்றுக்குப் பதிலாக மரத்துண்டுகளைச் செருகியிருந்தார்கள். கடிதத்தோடு வந்த படத்தில் அந்த வெடிப்பு ஒரு குழந்தைக் கட்டிலின் அடியில் புகுந்து மறுபக்கம் வெளியே வந்தது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. உடனே முட்டுக் கொடுத்தார்கள், பீமை எடுத்துத் திருத்தினார்கள். ஆனாலும் பஸ்ஸில் இருக்கும்போது, கடையில் வரிசையில் நிற்கும்போது, அந்தக் கட்டில் தரையோடு கீழே இறங்கி வருவதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இன்னும் நிற்கவில்லை.

விசாரணையில் அதிகாரி ஒரே கேள்விதான் கேட்டார். உள்ளே போய்ப் பார்த்தீர்களா? இல்லை என்றேன். பொய் சொல்லாததில் எனக்கு ஒரு அற்பப் பெருமைகூட வந்தது. ஏன் என்று அடுத்ததாகக் கேட்டார்.

"நேரமில்லை," என்றேன்.

அப்படியே எழுதிக்கொண்டார். உரிமையைப் பறித்தார்கள். நியாயம்தான், அதைப் பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை. படித்த பெண் விளக்குக்குப் பயந்து வாசலில் நின்றாள் என்று எழுதப்படுவதைவிட, சோம்பேறி என்று எழுதப்படுவது மேல் என்று நினைத்தேன். அந்த நினைப்புத்தான் இன்றைக்கும் என்னைக் கூச வைக்கிறது.

மாமி என்னைத் தேற்றப் பார்த்தார். "நீ அண்டைக்கு உள்ளுக்கை வராதபடியாத்தான் சாமி அந்தப் பிள்ளையைக் காப்பாத்தினது." எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் எந்த வாயால் அவரோடு சண்டை பிடிப்பது?

மன்னிப்புக் கேட்க மேல்வீட்டுக்குப் போனேன். அந்தக் குழந்தையின் தாய் தூர வடக்கே ஹம்மர்பெஸ்டிலிருந்து வேலைக்காக ஒஸ்லோ வந்தவள். குழந்தையைத் தோளில் போட்டபடி படியேறி வந்துகொண்டிருந்தாள். நான் யாரென்று சொன்னேன். அவள் கத்தவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று அவளும் கேட்டாள்.

இவளுக்காவது உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதான் போயிருந்தேன். வாய் வரவில்லை.

"நேரமில்லை," என்றேன்.

"பார்க்க எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்?"

"இரண்டு நிமிடம்."

அவள் குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, என்னைத் தாண்டி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.