செஞ்சி மலையில் மூன்று கைத் தீர்த்தம்

கோடையில் ராஜகிரி ஏறப்போகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது; நான் சொல்ல, மகள் எழுதுகிறாள். நடந்தது அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு சித்திரை அமாவாசை அன்று.

என் மனைவியின் தம்பி கோவிந்தன் மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு வேண்டியிருந்தான். அவன் பெண்சாதிக்கு இரண்டு பிள்ளை தங்கவில்லை, மூன்றாவது வயிற்றில். அம்மனைப் பார்க்கும்வரை தண்ணீர் பல்லில் படக்கூடாதென்று விரதம். திண்டிவனத்திலிருந்து பதினேழு மைல், டிக்கெட் முக்கால் ரூபாய். ஒன்பது மணிக்குச் செஞ்சியில் இறங்கினோம். மலையனூர் ஸ்பெஷல் பஸ் மூன்று மணிக்குத்தான். அதுவரை கோட்டையைப் பார்க்கலாமென்றது நான். புத்தி கெட்ட வேலை.

பதினொன்றரைக்குப் பாறையில் கால் வைக்க முடியவில்லை. உச்சிக்குச் சற்றுக் கீழே, மரப்பாலத்துக்கு முன்னால் உட்கார்ந்த கோவிந்தன் எழவில்லை. வேர்வை நின்றுபோச்சு, பேச்சு குழறுது. செம்பை நீட்டினேன், வாயை இறுக மூடிக்கொண்டான்.

ஆடு மேய்த்த பாய் ஒருவர் ஓடிவந்து, அவனை நிழலுக்கு இழுத்தார். செம்புத் தண்ணீரில் துண்டை நனைத்துத் தலையில், கழுத்தில் சுற்றச் சொன்னார்.

"நோன்பு எங்களுக்கும் உண்டு. உசுருக்கு ஆபத்துன்னா விட்டுடணும்."

"அது உன் சாமி சொன்னது, பாய்," என்றான் கோவிந்தன். மூச்சில்லாவிட்டாலும் வாய் குறையவில்லை.

"சரி, கோயில்ல தீர்த்தம் குடுத்தா வாணாம்பியா?"

பாய் என்னை மேலே விரட்டினார்: ரங்கநாதர் கோயில் பக்கத்தில் சுனை இருக்கு.

பாலம் தாண்டி ஓடினேன். கீழே ஊரெல்லாம் அனலில் அலையுது. எண்ணூறு அடி உயரத்தில், மொட்டைப் பாறைக்குள் தண்ணீர்! கை விட்டேன், எலும்புவரை சில்லென்றது. மழை பார்த்து நாலு மாசம். இதை யார் இங்கே வைத்தது? அந்த அவசரத்திலும் ஒரு நொடி நின்றுவிட்டேன்.

செம்பில் மொண்டு இறங்கி வந்தேன். கோவிந்தன் உள்ளங்கையைக் குழித்தான். ஒரு கை. பொறுத்து இன்னொன்று. மூன்றாவதுக்கு வேர்வை திரும்பியது. மொத்தமாய்க் கொடுத்தால் குமட்டும் என்று பாய் என் கையைப் பிடித்துக்கொண்டேயிருந்தார். வெயில் தாழ்ந்தபின் இறங்கி, ஐந்து மணி பஸ் பிடித்தோம்.

போகிறவர்கள் ஆறு மணிக்கே ஏறுங்கள், பத்துக்குள் இறங்குங்கள். ஆளுக்கு இரண்டு செம்பு தண்ணீர், தாகம் வருமுன் மடக்கு மடக்காய். விரதமிருந்தால் மலை வேண்டாம்.

மலையனூரில் பூசாரி தீர்த்தம் நீட்டியபோது கோவிந்தன் என் காதில் சொன்னான்: "இது ரெண்டாவது தபா, மாமா. அம்மா கோவிச்சிக்குமா?"

ஆவணியில் பெண் பிறந்தது. தங்கியது.