காளிங்கனின் தழும்பு எந்தக் கன்னத்தில்?

காமிக்ஸ் சேர்ப்பதும் ஒரு வேலைதான். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, ரிட்டயர்மெண்டும் கிடையாது.

நான் பீளமேட்டில் ஒரு மில்லில் முப்பது வருடத்துக்கு மேல் ஸ்பின்னிங்கில் வேலை பார்த்தவன். அந்த வேலை என்னை விட்டுவிட்டது, இந்த வேலை விடவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து நின்றவன். எழுத்துக் கூட்டிப் படிப்பதையே காமிக்ஸில்தான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். படத்தில் துப்பாக்கி வெடித்தால் பக்கத்தில் 'டுமீல்' என்றுதானே எழுதியிருக்கும்? சந்தேகத்துக்கே இடமில்லை.

இதைப் படிக்கிற நீங்களும் என்னைப் போலப் பெட்டியும் பீரோவுமாக அவதிப்படுகிறவர்கள்தான். அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன். என் பெயருக்கு வர வேண்டிய ஒரு பெருமை இன்னொருத்தன் பெயருக்குப் போய்விட்டது. அதைத் திரும்ப வாங்காமல் விடுவதில்லை என்றுதான் இத்தனை வருடம் இருந்தேன்.

வலது கன்னம்

அப்போது மாதம் ஒரு தடவை வந்துகொண்டிருந்த ஒரு காமிக்ஸ் பத்திரிகையில் 'கடல்வேங்கை காளிங்கன்' என்று ஒரு கப்பல் தலைவனின் கதை தொடராக வரும். காளிங்கனுக்கு இடது கன்னத்தில் ஒரு வாள் தழும்பு. அதை வரைந்த ஓவியரை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. எங்களுக்கு அவர் சாமிக்கு அடுத்தபடி. ஒரு இதழில் காளிங்கன் தீவில் இறங்குகிற இரண்டு பக்கத்தில் மட்டும் தழும்பு வலது கன்னத்துக்குப் போய்விட்டது. மில்லில் அந்தப் புத்தகம் பத்துப் பேர் கை மாறியது. ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. நான் பார்த்துவிட்டேன்.

பத்திரிகைக்கு எழுத வேண்டும். என் கையெழுத்து எனக்கே புரியாது. என் ஷிஃப்டில் இருந்த பொன்னுசாமி எட்டாவது வரை படித்தவன், கோலம் போட்டது போல எழுதுவான். கேண்டீனில் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல, அவன் இன்லேண்டு லெட்டரில் எழுதினான். போஸ்ட் செய்ததும் அவன்தான். அடுத்த இதழிலேயே வாசகர் பக்கத்தில் வந்துவிட்டது. ஓவியர் தவறை ஒப்புக்கொண்டு, காளிங்கன் சல்யூட் அடிப்பது போல ஒரு படமே வரைந்திருந்தார். படத்துக்குக் கீழே 'கழுகுக் கண் வாசகர் பொன்னுசாமி, பீளமேடு' என்று இருந்தது. மில்லே அவன் முதுகில் தட்டிக்கொடுத்தது. மேஸ்திரி டீ வாங்கிக் கொடுத்தார். நான் நேராகப் போய்க் கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "லெட்டருக்கு அடியில எம்பேரு எழுதியே பழகிப்போச்சப்பா. நீ கண்ணு, நா கையி. பேரு கையி தான போடும்?"

மதுக்கரை மூட்டை

அன்றோடு பொன்னுசாமியிடம் பேச்சை நிறுத்தினேன். ஷிஃப்ட் மாற்றி வாங்கிக்கொண்டேன். அவன் கேண்டீனுக்குள் வந்தால் நான் டம்ளரோடு எழுந்து வெளியே போய்விடுவேன். வீட்டுக்கு வந்தால் 'இல்லை' என்று சொல்லிவிடும்படி என் வீட்டுக்காரியிடம் சொல்லி வைத்தேன். நான் ஒன்றை முடிவு செய்தால் செய்ததுதான்.

அவனும் காமிக்ஸ் சேர்க்கிறவன் என்பதால் தொல்லை தீரவில்லை. பழைய பேப்பர் கடைகளில் எனக்கு முன்னால் அவன் காலடி இருக்கும். ஒருமுறை மதுக்கரையில், சிமெண்ட் ஃபாக்டரியில் வேலை பார்த்த ஒருவர் வீடு மாற்றும்போது ஒரு மூட்டை புத்தகத்தை எடைக்குப் போட்டுவிட்டார் என்று தகவல் வந்தது. இரண்டு பஸ் மாறி ஓடினேன். இந்தக் கடைகளில் ஒரு விதி உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். முகத்தில் ஆசை தெரியக் கூடாது. முதலில் சமையல் குறிப்பு, ஜோசியம் என்று நாலு வேண்டாத புத்தகத்தைப் புரட்ட வேண்டும். பிறகு காலால் தள்ளுகிற மாதிரி காமிக்ஸ் பக்கம் வர வேண்டும். நான் ஜோசியத்தில் இருக்கும்போதே கடைக்கார அம்மா ஒரு சின்னப் புத்தகக் கட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். பிரித்தால் என்னிடம் இல்லாத மூன்று இதழ்கள். காலையில் வந்தவர் பொறுக்கி எடுத்தது போக ஒதுக்கி வைத்தவையாம். வந்தவர் குள்ளமா, இடுப்பில் வெற்றிலைப் பை உண்டா என்று கேட்டேன். எல்லாம் பொன்னுசாமிதான். தன்னிடம் இருப்பதால் கழித்துப் போட்டிருக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். புத்தகத்தைத்தான் எடுத்துக்கொண்டேன், நன்றி எல்லாம் இல்லை. அந்த அம்மா சொன்னார்: "அவரும் மொதல்ல ஜோசியத்தத்தானுங்க பாத்தாரு. ஏனுங்க, ரெண்டு பேரும் சேந்தே வந்தா எனக்கு ஒரே நடையில வேலை முடியுமுங்களே."

இரண்டு பீரோ

பெரிய மகளைப் பெண் பார்க்கப் பவானியிலிருந்து வந்தார்கள். ஜமக்காளம் நெய்து விற்கிற குடும்பம். எங்கள் வீட்டில் இரண்டு பீரோ. ஒன்றில் துணிமணியும் மகளின் நகையும். மற்றதில் காமிக்ஸ், இதழ் எண் வரிசைப்படி, பூச்சி வராமல் இருக்கக் காய்ந்த வேப்பிலை போட்டு. இரண்டாவது பீரோவின் சாவி எப்போதும் என் இடுப்பில் இருக்கும். மாப்பிள்ளையின் அம்மா அதில் என்ன என்று கேட்க, என் வீட்டுக்காரி 'மில்லு ரெக்கார்டுங்க' என்று சொல்லிவிட்டாள். எனக்கு அது பிடிக்கவில்லை. நான் என்ன திருடியா வைத்திருக்கிறேன்? எழுந்து போய்த் திறந்து காட்டினேன்.

எது முதல் பதிப்பு, எது தீபாவளி மலர், எதில் அட்டை மாறி வந்தது என்று கால் மணி நேரம் விளக்கினேன். காபி ஆறிவிட்டது. மாப்பிள்ளைக்கு ஆர்வம்தான். ஆனால் விரலில் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டப் போனார். கையைப் பிடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. சம்பந்தம் எப்படியோ கூடிவிட்டது என்று வையுங்கள். இருந்தாலும் செருப்புப் போடும்போது மாப்பிள்ளையின் அம்மா கேட்டுவிட்டுத்தான் போனார்: "நகை பீரோ தொறந்து கெடக்குது, பொம்ம பொஸ்தகத்துக்குப் பூட்டுப் போட்டிருக்கறீங்க. பொண்ணு உங்களாட்ட இல்லீங்களே?"

ஆறு வித்தியாசங்கள்

இரவல் தரக் கூடாது. இதை நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. இருந்தும் ஒரு முறை சறுக்கினேன். பக்கத்து வீட்டில் ரிட்டயரான வாத்தியார் ஒருவர் காலில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். பொழுது போகவில்லை, ஒன்றே ஒன்று கொடுங்கள் என்று ஆள் விட்டார். படித்தவர், புத்தகத்தை மதிப்பார் என்று நம்பிக் கொடுத்தேன்.

நான்கு நாளில் திருப்பிக் கொடுத்தார். அட்டை மடங்கவில்லை, ஸ்டேப்பிள் பின் துருப்பிடிக்கவில்லை, எண்ணெய்க் கறை இல்லை. சந்தோஷமாகப் புரட்டிக்கொண்டே போனால், கடைசிப் பக்கத்தில் 'ஆறு வித்தியாசங்களைக் கண்டுபிடியுங்கள்' என்ற இடத்தில் சிவப்பு மையில் ஆறு வட்டம். பக்கத்தில் ஆறுக்கு ஆறு என்று மார்க். கீழே தன் கையெழுத்து. இருபத்தெட்டு வருடம் யாரும் கண்டுபிடிக்காமல் நான் காப்பாற்றி வைத்திருந்த வித்தியாசங்கள் அவை. அவர் முன்னால் பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகச் சரிபார்த்தார். பிறகு சொன்னார்: "ஒண்ணும் தப்பில்லீங்களே, ஆறும் சரியாத்தான் இருக்குது."

மூக்கு

இப்போது எங்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருக்கிறது. சின்ன மகள் என்னைச் சேர்த்துவிட்டாள். பாதிப் பேர் பீளமேட்டு ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள். நாங்கள் மாதத்துக்கு ஒரு புத்தகத்துக்குக் காத்திருந்தோம். இவர்கள் கூரியர் இரண்டு நாள் தாமதமானால் துடிக்கிறார்கள். ஆனாலும் நம் ஜாதி, அவதிப்படுகிற ஜாதி.

விக்னேஷ் என்ற இன்ஜினியர் காளிங்கன் முதல் இதழ், அசல் பதிப்பு, தன்னிடம் இருப்பதாகப் போட்டோ போட்டார். குழுவே கும்பிட்டது. நான் நேரில் பார்க்க வேண்டும் என்றேன். பேக்கரியில் சந்தித்தோம். பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்தார். நான் பக்கத்தைப் பிரித்து மூக்கில் வைத்தேன். அசல் பதிப்பின் தாள் பழைய புளி மாதிரி வாசம் அடிக்கும். இது அடிக்கவில்லை. பின்னைப் பார்த்தேன், பளபளவென்று இருந்தது. பின்னால் வந்த மறுபதிப்பை டீத்தண்ணீரில் பழுக்க வைத்து யாரோ அவர் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று சொன்னேன். விக்னேஷ் முகம் வாடிவிட்டது. ஆனால் நல்ல பிள்ளை, கோபித்துக்கொள்ளவில்லை. அன்றுதான் அவர் வாயிலிருந்து அந்தச் செய்தி வந்தது. காளிங்கனை வரைந்த ஓவியர் உயிரோடு இருக்கிறார், அடுத்த மாதம் குழுவின் கூட்டத்துக்குக் கோயமுத்தூர் வருகிறார். என் கையிலிருந்த பப்ஸ் தட்டில் விழுந்தது. விக்னேஷ் அதைக் கவனிக்கவில்லை, இன்னும் தன் புத்தகத்தைத்தான் முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அங்கிள், நீங்க புக்கு படிக்கறீங்களா, மோந்து பாக்கறீங்களா?"

ஓவியர்

அந்த மாதம் முழுக்க ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பழகினேன். அதைக் கேட்டு ஓவியர் வாயால் 'நீங்கள்தானா அது' என்று ஒரு வார்த்தை வர வேண்டும். பத்திரிகை நின்று போய்விட்டது. இனி அந்தப் பெயரைத் திருத்த உலகத்தில் வேறு ஆள் இல்லை. வலது கன்னத்து இதழைத் துணியில் சுற்றி எடுத்துப் போனேன். மண்டபத்துக்குள் நுழைந்ததும் கடைசி வரிசையில் பொன்னுசாமி கைத்தடியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். நல்லது, அவன் காதாலேயே கேட்கட்டும் என்று நினைத்தேன்.

ஓவியருக்கு எண்பதுக்கு மேல் இருக்கும். வரிசையில் வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு தாளில் காளிங்கன் முகத்தை வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். கை நடுக்கம் தாளில் படாமல் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். என் முறை வந்தது. இதழைப் பிரித்து வைத்து, இதைக் கண்டுபிடித்தது நான், பெயர் போனது வேறு ஆளுக்கு என்று சொல்லிவிட்டேன். அவர் வரைவதை நிறுத்தாமல் என் பெயரைக் கேட்டார். நாச்சிமுத்து என்றேன். நிமிர்ந்து பார்த்தார். தனக்கு அந்தப் பெயர் தெரியும் என்றார்.

பீளமேட்டிலிருந்து அதே கையெழுத்தில் இரண்டாவதாக ஒரு கடிதம் வந்ததாம். தவறைக் கண்டுபிடித்தது தான் இல்லை, தன்னோடு வேலை செய்கிற நாச்சிமுத்து, தயவுசெய்து பெயரைத் திருத்திப் போடவும் என்று எழுதியிருந்ததாம். இவரும் என் பெயரைப் போட்டு இன்னொரு படம் வரைந்து கொடுத்திருக்கிறார். அந்தப் பக்கத்துக்கு ஒரு முகப்பவுடர் விளம்பரம் வந்துவிட்டதால் பத்திரிகை ஆசிரியர் படத்தை எடுத்துவிட்டாராம். இத்தனை வருடத்துக்கு முந்திய ஒரு கடிதம் எப்படி நினைவிருக்கிறது என்று கேட்டேன். வரைந்து முடித்த தாளை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "என் பேரைப் போடுங்கன்னு எழுதினவங்க எத்தனையோ பேர். என் பேரை எடுத்துட்டு இன்னொருத்தன் பேரைப் போடுங்கன்னு எழுதினது அவர் ஒருத்தர்தான்."

கடைசி வரிசை

ஏறக்குறைய நாற்பது வருடக் கோபம் கையில் இருக்கிறது, வைக்க இடமில்லை. அப்படி ஒரு நிலைமை உங்களுக்கு வரக் கூடாது. நேராகக் கடைசி வரிசைக்குப் போய், ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்ல வந்தபோதெல்லாம் நான் டம்ளரோடு எழுந்து போனேனாம். மூன்று தடவை வீட்டுக்கு வந்தானாம், மூன்று தடவையும் நான் உள்ளே இருமிக்கொண்டிருக்க என் வீட்டுக்காரி 'இல்லை' என்றாளாம். மதுக்கரையில் அந்த மூன்று இதழ்களும் அவனிடமும் இல்லாதவையாம். பின்னாலேயே நான் வருவேன் என்று தெரிந்து, எனக்கென்று கட்டி வைக்கச் சொன்னதே அவன்தானாம். கடைக்கார அம்மா அதைச் சொல்ல மறந்துவிட்டார் போல. தவறு என்னுடையது என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த முகப்பவுடர் ஆசிரியருடையது. கோபத்தை அவர் மேல் வைத்தேன், பொருத்தமாக உட்கார்ந்தது.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பெருமையோடு தாளை நீட்டினேன். காளிங்கன் படம், அதற்குக் கீழே 'கழுகுக் கண் வாசகர் நாச்சிமுத்துவுக்கு' என்று ஓவியர் தன் கையால் எழுதியிருந்தார். பொன்னுசாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டான். தாளைக் கிட்ட வைத்துப் பார்த்தான், தள்ளி வைத்துப் பார்த்தான். பிறகு குனிந்து, ஓவியர் காதில் விழாதபடி மெதுவாகச் சொன்னான்: "தழும்பு வலது கன்னத்துல இருக்குதப்பா. இந்தத் தடவ நீ எழுது, நா சொல்றேன்."

காமிக்ஸ் சேர்க்கிறவன் எதையும் எடைக்குப் போடமாட்டான், கோபத்துக்குக்கூடப் புது அட்டை போட்டு அதே பீரோவில்தான் வைப்பான்.