போட்டுப் பார்த்தால்தான் தெரியும்

எங்கள் வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. அப்படிப்பட்ட வீட்டின் கழிப்பறையில், சிறுநீர் கழித்துத் தண்ணீர் ஊற்றிய பிறகும் நுரை கலையாமல் நின்றது. ஒரு வாரம் கவனித்தேன். தினமும் நின்றது.

எனக்கு லூபஸ் இருக்கிறது. நோயைத் தடுக்க வேண்டிய சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய். நூற்பாலையில் நூலின் தரம் பார்ப்பது என் வேலை. ஓர் அளவு மட்டும் தவறினால் கருவியைச் சந்தேகிப்பேன். பல அளவுகள் ஒரே பக்கம் சாய்ந்தால் நூலைத்தான் சந்தேகிப்பேன். சேலத்தில் கொடுத்த பரிசோதனைகளின் முடிவு ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. சிறுநீரில் புரதம் போகிறது. லூபஸ் சீறும்போது ரத்தத்தில் செலவாகிவிடும் சி3, சி4 புரதங்கள் இரண்டும் குறைந்திருக்கின்றன. சொந்த டி.என்.ஏ.வை எதிர்க்கும் ஆன்டிபாடி ஏறியிருக்கிறது. சிறுநீரகம் கழிவை வடிகட்டுகிறதா என்று காட்டும் கிரியாட்டினின் மட்டும் சரி. வீட்டார் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

எங்கள் பக்கம் சிறுநீரகம் என்றாலே கல்தான்.

"உப்புத் தண்ணி குடிச்சா கல்லு வராம என்ன வரும்? வாழத்தண்டுச் சாறு போட்டுத் தாரேன், கரைஞ்சு போயிரும்" என்றார் அத்தை.

"வலியே இல்லீங்க அத்தை. கல்லுன்னா உங்களாட்டக் கத்தியிருக்க மாட்டனா?"

"நான் எங்கடி கத்துனேன்?"

"தெருவே வந்துச்சுங்களே."

சிறுநீரகத்தில் ஊசி விட்டுத் துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர். ரத்தம் சந்தேகத்தைத்தான் சொல்லும். எந்த வகை, எவ்வளவு சேதம், எந்த மருந்து என்பதைச் சதைதான் சொல்லும். தள்ளிப் போட்டால் சிறுநீரகம் போய்விடலாம். அப்பா மறுத்தார்.

"நல்லா ஓடற கிட்னியில ஓட்டை போடறதா? கல்யாணம் ஆகற புள்ள சாமி நீ."

அப்பா ரிக் லாரியில் ஆழ்குழாய் போடுகிறவர். உள்ளங்கையில் படுக்க வைத்த தேங்காய் எழுந்து நின்றால் அடியில் தண்ணீர் என்று நீரோட்டம் பார்ப்பவர்களிடம் எப்போதும் ஒரே பதில்தான் சொல்வார்: "காய் நிக்கறது சரிங்க. போட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

இரவுச் சாப்பாட்டில் அதையே எடுத்தேன். "சி3 கொறஞ்சது தேங்கா நின்னாப்லதாங்கப்பா. போட்டுப் பாக்காம எத்தன மாசம் சும்மா இருக்கறது?"

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "எத்தன அடி எறக்குவாங்க?"

"அடியெல்லாம் இல்லீங்கப்பா. எடுக்கறது நூலாட்டம் ஒரு துண்டு."

"சரி, தேதி வாங்கு."

குப்புறப் படுக்க வைத்து மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள். ஸ்டேப்ளர் அடித்தது போல ஒரு சத்தம். அப்புறம் அசையாமல் மல்லாந்து கிடந்தேன். சிறுநீரில் ரத்தம் வருகிறதா என்று நர்ஸ் பார்த்துக்கொண்டே இருந்தார். வரவில்லை.

முடிவில் நான்காம் வகை என்று வந்தது. லேசான வகை அல்ல. ஆனால் பெரும்பாலும் புதிய அழற்சி, தழும்பு கொஞ்சம்தான். தழும்பை மருந்து ஒன்றும் செய்யாது; அழற்சியை அடக்கலாம்.

அப்பாவுக்குப் போன் செய்தேன். ரிக் சத்தத்துக்கு மேலே கத்தினார். "தண்ணியா, புகையா?"

வறண்ட குழாயிலிருந்து புகையாட்டம் வெறும் புழுதிதான் வரும்.

"தண்ணிதாங்கப்பா. மருந்து ஆரம்பிக்கறாங்க."

மருந்து ஆரம்பித்த பிறகும் காலையில் நுரை நிற்கிறது. முன்பைவிடச் சீக்கிரம் கலைவது போலத் தெரிகிறது. கண்ணை மட்டும் நம்பி இருக்க முடியாது. அடுத்த சி3-க்கு ரத்தம் கொடுத்துவிட்டு அப்படியே ஆலைக்குப் போகிறேன்.