போட்டியில்லாத நாஸ்யு

நாஸ்யு ஸஹ்ராவுக்குக் கால்பந்தைப் பற்றி எல்லாம் தெரியும், எங்கள் ஊர்க் கால்பந்தைத் தவிர. எங்கள் ஊர்க் கிளப்புக்கு இருபத்து மூன்று வருடமாகச் செயலாளர் அவன்தான். செத்துப்போன என் வீட்டுக்காரரின் தம்பி என்பதால் இந்த அளவு மரியாதையோடு சொல்கிறேன்.

பகலில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிற உத்தியோகம். மூன்று தெரு முடிவதற்குள் களைத்துப்போய், நாலு மணிக்கெல்லாம் கிளப்பில் நான் நடத்துகிற கடைக்கு வந்துவிடுவான். கண்ணாடித் தம்ளரில் தேநீர், சீஸ் வைத்த பஸ்டிட்ஸி இரண்டு, அதற்குப் பிறகு வாய். மால்டாவில் பாதிப் பேர் இங்கிலாந்துக் கட்சி, மீதிப் பேர் இத்தாலிக் கட்சி. இவன் இங்கிலாந்து. எதிர் மேசையில் முடிவெட்டுகிற லிப்பு, அவன் இத்தாலி. இருவரும் அந்த இரண்டு தேசத்திலும் ஒரு மைதானத்தைக்கூடப் போய்ப் பார்த்ததில்லை.

"இத்தாலில ஒன்பது வருஷம் ஒரே டீம் கப்பு தூக்குச்சு. ஜெர்மனில பதினோரு வருஷம். அதெல்லாம் லீக்கா லிப்பு? பரம்பரைச் சொத்து. இங்கிலாந்துல கடைசி டீம் வந்து முதல் டீமை அடிச்சுட்டுப் போவும்."

"அந்தக் கடைசி டீம்ல எத்தனை பேருடா இங்கிலீஷ்காரன்? காசைக் கொட்டி உலகத்தையே வாங்கி வச்சா, கழுதையும்தான் நல்லா ஆடும்."

"அதுக்குப் பேருதான் பலம்."

"அதுக்குப் பேரு சந்தை. ஆட்டம் பாக்கணும்னா எங்க ஆளுங்க தடுத்து ஆடறதைப் பாரு."

"பாத்தேனே. பாதியில தூங்கிட்டேன்."

இதே பேச்சு, வருடம் முழுக்க. நடுவில் யாராவது நம்ம ஊர் லீக் எப்படி என்று கேட்டுவிட்டால், அன்றைக்கு மட்டும் இரண்டு பேரும் ஒன்றாகிவிடுவார்கள்.

"அதை லீக்குன்னு சொன்னா மத்த லீக்கெல்லாம் கோவிச்சுக்கும்" என்பான் நாஸ்யு. "அதுலயும் பொம்பளைங்க லீக்... வேணாம் அண்ணி, என் வாயைக் கிளறாதீங்க."

நான் கிளறவே இல்லை. அந்தப் பொம்பளைங்க லீக்கில் இரண்டாம் பிரிவில் என் மகள் ரோமினா ஆடுகிறாள் என்பது அவனுக்குத் தெரியும். விமான நிலையத்தில் பெட்டி தூக்குகிற வேலை அவளுக்கு. வேலை முடிந்து நேரே மைதானம். பன்னிரண்டு வருடம் தடுப்பாட்டக்காரியாக நின்று, ஒரு முட்டியைக் கிழித்துத் தைத்துக்கொண்டு, இந்த வருடம்தான் முதல் தடவையாகக் கோப்பை கைக்கெட்டுகிற தூரத்துக்கு வந்தாள். ஜெயித்தால் முதல் பிரிவு. முப்பத்தொரு வயது, இதை விட்டால் இன்னொரு வருடம் முட்டி தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

அவர்களுக்கு இருந்த ஒரே ஓட்டை கோல்கீப்பர். அதற்கு கோஸோ தீவிலிருந்து அனலீஸ் என்ற பெண்ணை ரோமினாவே பேசிக் கூட்டி வந்தாள். பயிற்சிக்கு வாரம் இரண்டு தடவை படகேறி வந்தாள் அந்தப் பெண். அவள் பெயரைக் கால்பந்துச் சங்க அலுவலகத்தில் பதிய வேண்டும். ஜனவரி முப்பத்தொன்று சாயங்காலம் ஆறு மணி கெடு. படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியது செயலாளர்.

ஜனவரி முப்பத்தொன்று இங்கிலாந்திலும் கெடு நாள். எந்த ஆட்டக்காரன் எந்த அணிக்குப் போகிறான், எத்தனை கோடி என்று தொலைக்காட்சியில் காலையிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும். நாஸ்யு அன்றைக்கு வேலைக்கே லீவு போட்டுவிட்டு மதியமே வந்து உட்கார்ந்தான்.

"பாத்தியா லிப்பு, எங்க பதினேழாவது டீம் ஒரு நாள்ல செலவு பண்றது உங்க லீக் மொத்தமும் சேர்ந்து பண்ணல. இதுக்கு மேல என்ன ஒப்பிடறது?"

ஏழு மணிக்கு எழுந்து போனான். அனலீஸின் படிவம் அவன் கோட்டுப் பைக்குள் நாலாக மடித்துக் கிடந்தது. அடுத்த நாள் ரோமினா கேட்டதற்கு, "முடிஞ்சதும்மா, நீ போய் ஆடு" என்றான். இப்படி ஒரு பொய்யை முகம் மாறாமல் சொல்ல எப்படித்தான் முடிந்ததோ. யாருக்கும் தெரியாது, எவன் பார்க்கப் போகிறான், இது என்ன இங்கிலாந்தா என்று நினைத்திருப்பான்.

பக்கத்து ஊர்க்காரர்கள் பார்த்தார்கள். மே மாதம் நாங்கள் கோப்பை வாங்கிய நான்காம் நாள் புகார் கொடுத்தார்கள். அனலீஸ் ஆடிய ஆட்டம் அத்தனையிலும் புள்ளிகளைப் பிடுங்கி, எங்களை ஐந்தாம் இடத்தில் வைத்தார்கள். கோப்பையை ரோமினாவே காரில் வைத்துக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். அன்று இரவு சாப்பிடவில்லை.

தோற்றவனுக்குச் சவப்பெட்டி தூக்குவது எங்கள் தீவு வழக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரார் லாரியில் கறுப்புப் பெட்டியோடு எங்கள் சதுக்கத்துக்கே வந்து, பாதிரியார் வேஷம் கட்டியவனை முன்னால் விட்டு, ஒப்பாரி வைத்துக்கொண்டு மூன்று சுற்று சுற்றினார்கள். பெட்டி மேல் எங்கள் பெண்களின் படம். நாஸ்யு கடை வாசலில் தம்ளரோடு நின்று பார்த்தான்.

"பெட்டியை ஒழுங்கா ஆணி அடிக்கக்கூடத் தெரியல" என்றான். "எல்லாமே ரெண்டாம் பிரிவுத் தரம்."

எனக்கு அந்தத் தம்ளரைப் பிடுங்கி அவன் தலையில் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது. கவிழ்க்கவில்லை.

ஜூனில் கிளப்பின் வருடாந்தரக் கூட்டம் கடையிலேயே நடந்தது. தலைவர் வழக்கம்போல, "செயலாளர் பதவிக்கு நாஸ்யு. வேற யாராவது?" என்று கேட்டார். வழக்கம்போல எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நாஸ்யு ஏற்கெனவே பேனா மூடியைத் திறந்து வைத்திருந்தான்.

பின்வரிசையிலிருந்து ரோமினா எழுந்தாள்.

"சித்தப்பா, ஜெர்மனில ஒரே டீம் பதினோரு வருஷம் ஜெயிச்சா அது லீக்கே இல்லைன்னு சொல்வீங்கல்ல. நீங்க இருபத்தி மூணு வருஷம் எதிர்ல ஆளே இல்லாம ஜெயிச்சிருக்கீங்க. இதுக்கு என்ன பேரு?"

லிப்பு வாய்விட்டுச் சிரித்தான். நாஸ்யு சிரிக்கவில்லை.

"ஒரு காகிதம், அதுவும் பொம்பளைங்க ரெண்டாம் பிரிவு. என்னமோ ஐரோப்பியக் கோப்பை போன மாதிரி பேசறே."

"நான் நிக்கறேன்" என்றாள் ரோமினா. "கை தூக்கச் சொல்லுங்க."

இருபத்து மூன்று வருடத்தில் முதல் தடவையாக ஓட்டெடுப்பு. யாருக்கும் நடைமுறை தெரியவில்லை. தலைவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். ரோமினாவுக்கு அவள் அணிப் பெண்களில் சந்தா கட்டிய ஏழெட்டுப் பேர், இரண்டு மூன்று இளைஞர்கள், ஆச்சரியம்தான், பேக்கரிக்காரனும் அவன் பெண்டாட்டியும். பன்னிரண்டு கை. அப்புறம் நாஸ்யுவுக்கு. தினம் நாலு மணிக்கு வந்து வாய் பார்க்கிற கூட்டம் மொத்தமும் கையைத் தூக்கியது. அவன் போய்விட்டால் எதிர்த்துப் பேச ஆள் ஏது? லிப்புவும் தூக்கினான், வெட்கம் கெட்டவன். பதின்மூன்று.

நானும் உறுப்பினர்தான், சந்தா கட்டியவள். ரோமினாவுக்குக் கை கேட்டபோது நான் தேநீர்த் தட்டோடு மேசைகளுக்கு நடுவில் நின்றிருந்தேன். கடைக் குத்தகை அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும். செயலாளர் கையெழுத்துப் போட வேண்டும். இதை அப்போது நினைக்கவில்லை என்று யாரிடமாவது சொல்லலாம். நினைத்தேன். தட்டு கனமாக இருந்தது என்றும் சொல்லலாம். அதில் இரண்டு தம்ளர்தான் இருந்தன.

தலைவர் முடிவைப் படித்தார். நாஸ்யு கையெழுத்துப் போட்டான். நாற்காலிகள் இழுபடத் தொடங்கின, யாரோ ஸ்பெயின் லீக்கைப் பற்றி ஏதோ கேட்டான். ரோமினா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் பக்கம் வந்து நின்றாள்.

"அம்மா, தட்டைக் கீழ வை. எண்ணி முடிச்சாச்சு."